வேட்டித் துண்டும் இரும்புத் தண்ணீரும்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒன்று. வடக்கே போகிற பாதை பூட்டிக் கிடந்தது. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தட்டில் ஓர் அறையும் குசினியுமாக நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும் மட்டும். கரையோர ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கும். நாங்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தோம். எங்களுடையது சத்தமில்லாத நடுக்கம்.

எனக்கு அப்போது நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கர்ப்பப்பையில் கட்டிகள். மாதத்தில் பாதி நாள் இரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து விமானம் ஏறி வந்தோம். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனியும் இல்லை என்பதை அந்த மேசையிலேயே முடித்து வைத்தாயிற்று. அழுதேன். அழுவதற்கும் இரத்தம் வேண்டும் போலிருக்கிறது, பாதியிலேயே களைத்து நித்திரையாகிவிட்டேன்.

வயிற்றுக் காயம் ஆறியது. ஆனால் நான் ஆறவில்லை. தலை சீவ எடுத்த சீப்பு, பாதித் தலையில் கை வலித்து நின்றுவிடும். நாலு படி ஏறினால் காதுக்குள் கடல் இரையும். நகங்கள் வெளிறி, நாக்கு வழுவழுத்து, கண்ணாடியில் யாரோ என்னை அழிரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். விழுங்கினால் ஓங்காளம், விழுங்கிய மறுநிமிஷம் வெளியே. மறுபடி பரிசோதித்தபோது இரத்த அளவு ஏழுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

டொக்டர் என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கடதாசி போல வெள்ளையாக இருக்கிறது என்றார்.

"இரத்தம் ஏத்தலாம். ஆனா உங்கட நிலைமைக்கு அது கட்டாயமில்லை. இப்ப இரத்தத்துக்கு எவ்வளவு பேர் காத்துக்கொண்டிருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இரும்பை நேரா நரம்புக்குள்ளயே விடுவம். உங்கட இரத்தத்தை நீங்களே செய்யுங்கோ."

அந்தக் கடைசி வசனத்தை நான் வழியெல்லாம் வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தேன். பிள்ளை செய்ய முடியாத உடம்பிடம் ஒருவர் இரத்தம் செய்யச் சொல்கிறார். இன்னும் ஒன்றைச் செய்யலாம் என்கிறார். அதுவே எனக்குப் பாதி மருந்து.

ஒன்றுவிட்ட ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும். அங்கே ஒரு சின்ன நர்சிங் ஹோம். செலவும் குறைவு, மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடுகிற தாதியின் கையும் மென்மை. வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ். தனியாக.

ஏன் தனியாக என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பெண்கள்தான் வீட்டுக்குக் கால்கள். காஸ் சிலிண்டர் கொண்டு வருவது பெண், வங்கிக்குப் போவது பெண், மீன் வாங்கப் பாய்வதும் பெண். ஆண்கள் யன்னல் சீலைக்குப் பின்னால் தாடி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவரை ஒருமுறை சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போய்ப் பல நாள் வைத்திருந்துதான் வெளியே விட்டார்கள். திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சோறு சாப்பிடும்போது மட்டும் கதவைப் பார்த்தபடி சாப்பிடுவார். கொழும்பில் தங்குகிற தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவும் அவருக்கு முடிந்திருந்தது. புதுப்பிக்கப் போனால் அங்கேயே இருத்திவிடுவார்கள் என்ற பயம். இன்னொருமுறை கொண்டுபோனால் அவர் முழுதாகத் திரும்புவார் என்று நான் நம்பவில்லை. ஆகவே படலையைத் தாண்டுவதில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். நான் விழுந்தால் அவர் வெளியே வருவார். அதனால் நான் விழக்கூடாது. எனக்கு இரும்பு தேவைப்பட்டது அதற்குத்தான்.

வெளியே போக முடியாத மனுசனுக்கு என் விஷயத்தில் ஒரே ஒரு வேலை இருந்தது. வயிறு கட்டி விடுவது.

வயிற்றைக் கீறினால் துணி சுற்றிக் கட்டவேண்டும். எங்கள் பக்கத்தில் அது பல் விளக்குகிற மாதிரி, யாரும் காரணம் கேட்பதில்லை. டொக்டர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. தன் பழைய வேட்டி ஒன்றை நீளத்தில் கிழித்து, ஒரு நுனியை அவர் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மறுநுனியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரை நோக்கிச் சுழன்று சுழன்று வருவேன். கலியாண வீட்டில்கூட நாங்கள் இப்படி ஆடியதில்லை.

"இஞ்சரும், இன்னொருக்காச் சுத்தும்."

"போதுமப்பா, மூச்சு முட்டுது."

"மூச்சு முட்டினாத்தான் கட்டு. சும்மா சுத்தினா அது சால்வை."

இப்படி ஒவ்வொரு காலையும். தன் பயம் முழுவதையும் அவர் அந்த முடிச்சில் போட்டு இறுக்குவார். நான் அதன்மேல் சேலை கட்டிக்கொண்டு வெளியே போவேன்.

முதல் தடவை இரும்பு ஏற்றியது நல்ல ஞாபகம். சேலைன் போத்தலுக்குள் மிஸ்ஸி கறுப்பு மருந்தைக் கலந்தவுடன் அது நல்ல சாயம் இறங்கிய, பால் விடாத பிளேன்டீ போல ஆகிவிட்டது. சீனி போட்டிருக்கிறீங்களா என்று கேட்டேன். கழுத்தில் அந்தோனியார் பதக்கம் ஆடச் சிரித்தவர், ஏதாவது குளிர்ந்தால், நெஞ்சை இறுக்கினால் உடனே சொல்ல வேண்டும் என்று பக்கத்திலேயே குந்திக்கொண்டார். குளிரவில்லை. வாயில் மட்டும் பழைய செம்புக் காசைக் கடித்த ருசி. துளி, துளி, துளி. உலகத்தில் எல்லாம் வேகமாக நடந்த அந்த நாட்களில் எனக்கு ஒன்று மட்டும் மெதுவாக நடந்தது.

என் நரம்புகள் ஊசியைக் கண்டால் ஒளித்துவிடும். ஆகவே இரண்டாம் தடவை, குத்திய சிறு குழாயை எடுக்காமல், இடக்கையின் பின்புறத்தில் அப்படியே விட்டு, மூடி போட்டு, பண்டேஜ் சுற்றி அனுப்பினார் மிஸ்ஸி. "அக்கா, இதை நனைக்காதீங்க. அடுத்த முறை தவறாம வாங்க. கனநாள் உள்ளுக்கு விட்டா காய்ச்சல் பிடிக்கும்."

அடுத்த முறை வந்தது. அன்று காலை நகரத்தில் எங்கோ குண்டு வெடித்ததாகக் கதை. எங்கே, எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போக வேண்டாம் என்றார் அவர். கையை நீட்டிக் காட்டினேன், இது உள்ளே கிடக்கிறதே என்றேன். அவர் வேட்டித் துண்டை எடுத்தார். வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டினார்.

"பொழுதுபடமுந்தி வந்திடும். வராட்டி..."

"வராட்டியும் நீங்கள் வெளிய வரக்கூடாது."

"சரி" என்றார். அவர் சரி என்ற விதத்தை வைத்தே வருவார் என்று தெரிந்துகொண்டேன். எங்களிடம் இருந்த ஒரே கைத்தொலைபேசி என்னிடம். வீட்டில் அவருக்கு இருந்தது ஒரு மணிக்கூடு.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். மற்ற நாட்களில் அடையாள அட்டையும் பையும் பார்த்து விட்டுவிடுவார்கள். அன்று ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, பெண்களைச் சோதிக்கத் தகரத்தில் அடித்த ஒரு சிறிய அடைப்பு. வெயிலில் தார் மணத்தது. என் முறை வந்து உள்ளே போனேன். அங்கே நின்றவள் இருபத்தைந்து வயதிருக்கக்கூடிய ஒரு பொலிஸ்காரி. காக்கிச் சட்டையின் கையிடுக்கு நனைந்திருந்தது. காலையிலிருந்து நின்ற களைப்பு கண்ணில் தெரிந்தது. என்னைப் பார்க்காமலே தோளில் தொடங்கிக் கையால் தடவிக்கொண்டு வந்தாள். முதுகு. விலா. இடுப்பு.

இடுப்பில் கை நின்றது.

சேலைக்குக் கீழே தடிப்பாக, சுற்றிலும், கல் மாதிரி இறுகிய ஒன்று. அவள் விரல்கள் அதன்மேல் விறைத்ததை என் தோல் உணர்ந்தது. அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டு வருகிற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அந்த நகரத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. வானொலி அதைத்தான் நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டவருக்கும் அது தோன்றவில்லை, கட்டிக்கொண்டு வந்த எனக்கும் தோன்றவில்லை.

அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியதைப் பார்த்தேன். என் முகத்தில் இறங்க ஒன்றும் மிச்சமில்லை. தகர அடைப்புக்குள் இரண்டு வெளிறிய பெண்கள், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில். வெளியே, ஒரு முழம் தள்ளி, துவக்கோடு ஆட்கள். அவள் ஒரு சத்தம் போட்டால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அவள் கத்தவில்லை.

"ஹெல்லென்ன எபா, அக்கே" என்றாள். அசையாதே, அக்கா. குரல் கிசுகிசுப்பாக இருந்தது. அக்கா என்றாளே, அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "மொகத்த மே?" இது என்ன?

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்கச் சந்தைச் சிங்களம். மீன் விலை கேட்கலாம், தேங்காய் தட்டிப் பார்க்கலாம். வயிற்றைக் கீறிக் கட்டியிருக்கிறது என்று சொல்லத் தெரியாது. "ஒபரேஷன்" என்றேன். "துணி. துணி மட்டும்" என்று தமிழில் சொன்னேன். என் உதடு ஒட்டிக்கொண்டது.

கழற்றிக் காட்டும்படி கையால் காட்டினாள். மெதுவாக, மெதுவாக என்று. நான் சேலையைத் தளர்த்தி முடிச்சைத் தேடினேன். அவர் போட்ட முடிச்சு. அதை அவிழ்க்க ஒரு மல்யுத்தக்காரன் வேண்டும். என் விரல்களுக்குப் பலமில்லை, வியர்வையில் வழுக்கியது. அவளும் கை கொடுத்தாள்.  முடிச்சு விட்டதும் துண்டு சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. வெள்ளைத் துணி, நீலக் கரை. வேறெதுவும் இல்லை. கடைசிச் சுற்றில் தழும்பு தெரிந்தது. அவள் விட்ட பெருமூச்சு என் கழுத்தில் பட்டது. பிறகு தகரம் மேலே போக, தரை கிட்டே வர, நான் சரிந்துவிட்டேன். சரியும்போது இடக்கை எங்கோ அடிபட்டது.

கண் திறந்தபோது அவள் மடியில் என் தலை. தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு சார்ஜன்ட் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாப்பனேத?" யாழ்ப்பாணமா?

ஓம் என்று தலையாட்டி, கொட்டாஞ்சேனை, நர்சிங் ஹோம் என்று பண்டேஜைக் காட்டினேன். புதுத் தழும்பு, கையில் பண்டேஜ், யாழ்ப்பாணம். சண்டையில் பட்ட காயமோ என்று அவர் மனசில் கணக்கு ஓடுவது தெரிந்தது. நிலையத்துக்குக் கொண்டுபோய் விசாரிக்க வேண்டும் என்பது போல ஏதோ சொன்னார். நான் பொழுதைத்தான் நினைத்தேன். வெள்ளவத்தையில் ஒரு மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் நிலையத்துக்குப் போனால் அவர் படலையைத் திறப்பார்.

அப்போது அந்தப் பெண் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் கீழிமையைப் பெருவிரலால் இழுத்து, சார்ஜன்டைப் பார்க்கச் சொன்னாள்.

"லே நே, சேர்!" இரத்தமே இல்லை.

பெரிய மீசை வைத்த அந்த மனிதர் குனிந்து என் கண்ணுக்குள் பார்த்தார். அடையாள அட்டையில் தெரியாத எதையோ அங்கே கண்டார் போலிருக்கிறது. கொஞ்சம் பின்வாங்கினார். நர்சிங் ஹோம் உண்மைதானா என்று நீயே கூட்டிக்கொண்டு போய்ப் பார், பொய்யென்றால் நேரே நிலையத்துக்குக் கொண்டு வா என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டோவில் ஏறமுன் அவள் அந்த அடைப்புக்குள் என்னைத் திரும்பக் கூட்டிப்போனாள். வேட்டித் துண்டை எடுத்து ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, சுற்று என்று விரலால் வட்டம் போட்டாள். நான் சுழன்றேன். உனக்கு இதை யார் கட்டி விடுவது என்று கேட்டாள். மஹத்தயா என்றேன், சிங்களத்தில் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்தான். அவள் முடிச்சு அவருடையதைவிடத் தளர்வாக இருந்தது. சரியாகச் சொன்னால், அதுதான் சரியான இறுக்கம்.

கொட்டாஞ்சேனையில் மிஸ்ஸி, என் பின்னால் காக்கியைக் கண்டதும் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதை கேட்டு, சிங்களத்தில் மடமடவென்று பொரிந்து தள்ளினார். எனக்கு விளங்கிய அளவில், இந்த அக்கா என் நோயாளி, இவளிடம் இரத்தமே இல்லை, இவள் எங்கே குண்டைச் சுமப்பது, தன்னைச் சுமப்பதே பெரும்பாடு. பொலிஸ்காரி பாடசாலைப் பிள்ளை மாதிரித் தலை குனிந்து கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அன்று நான் சிரித்த முதல் தடவை.

மருந்தைத் தொடங்கியதும் இடக்கை எரிந்தது. குழாய் அடிபட்டதில் நகர்ந்திருக்கிறது. கொஞ்சம் இரும்பு தோலுக்குக் கீழே கசிந்துவிட்டது. மிஸ்ஸி உடனே நிறுத்தி, அதை எடுத்துவிட்டு, வலக்கையில் நரம்பு தேடிப் பிடித்தார். "இந்தக் கறை போறது கஷ்டம், அக்கா" என்றார் வருத்தத்தோடு. கறைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

உண்மையைப் பார்த்தாயிற்று, அவள் போயிருக்கலாம். போகவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளி, துளி, துளி. மிஸ்ஸி போகிற போக்கில் குனிந்து, கேட்காமல் கொள்ளாமல் அவள் கீழிமையையும் இழுத்துப் பார்த்தார்.

"கடவுளே, இங்கயும் ஒண்டுமில்ல! சாப்பிடுறதா, இல்ல சும்மா பிளேன்டீதானா?"

பிளேன்டீதான் என்று ஒத்துக்கொண்டாள். காலையில் ஒன்று, பகல் சோற்றோடு ஒன்று, நிற்க முடியாதபோது ஒன்று. சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் சோற்றிலுள்ள இரும்பை அது உடம்பில் சேர விடாது என்று மிஸ்ஸி இருவருக்கும் சேர்த்து ஒரு பிரசங்கம் வைத்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் செத்துக்கொண்டிருந்தவர்கள்.

முடிய நேரமாகிவிட்டது. தன் அறை தெஹிவளையில், காலி வீதியால்தான் போகவேண்டும், வா என்று அதே ஓட்டோவில் ஏற்றினாள். வழியில் மறித்த இடங்களில் அவள் முகத்தைக் கண்டதும் போக விட்டார்கள். கடல் பக்கம் வானம் பழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு நெஞ்சு அடித்தது. களைப்பினால் அல்ல, பொழுதினால். எங்கள் ஒழுங்கைக்கு முன்னமே இறங்கிவிட நினைத்தேன். பொலிஸை வீட்டு வாசலுக்கா கூட்டிப் போவது? ஆனால் அவள் ஒழுங்கை எது என்று கேட்டுச் சாரதியைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

ஒழுங்கை முகப்பில், மின்கம்பத்துக்குக் கீழே, அவர் நின்றுகொண்டிருந்தார்.

சாரத்தோடு, தாடியோடு, கையில் ஒன்றுமில்லாமல். பல மாதத்துக்குப் பிறகு அவரை நான் ஆகாயத்துக்குக் கீழே பார்க்கிறேன். ஓட்டோவுக்குள் என்னைக் கண்டார். பக்கத்தில் காக்கியைக் கண்டார். ஓடவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாக முன்னால் எடுத்து, பார்க்கட்டும் என்பது போல விரித்து வைத்துக்கொண்டார். யாரோ அவருக்கு அப்படி நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் இறங்கினாள். நானும் விழுந்தடித்து இறங்கினேன். அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பதிவு எங்கே, அட்டை எங்கே என்று கேட்கப்போகிறாள்.  காசு கடித்த அந்த ருசி மட்டும் நாக்கில்.

"மஹத்தயா?" என்றாள் என்னிடம்.

ஓம் என்றேன்.

அவள் அவரிடம் திரும்பினாள். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்க்கிறாள் என்று நெற்றியில் தெரிந்தது.

"ஐயா. கட்டு... ரொம்ப டைட். அக்காவுக்கு மூச்சு இல்ல. லூஸா கட்டுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், விரித்த கைகள் விரித்தபடியே.

"உள்ள போங்க. ரோட்டில நிக்க வேணாம்" என்றாள். ஓட்டோவில் ஏறினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பெயர் கேட்கவும் எனக்கு நேரமிருக்கவில்லை.

அன்றைக்குப் பிறகும் இரும்பு ஏறியது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் என்னை அழித்துக்கொண்டிருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரைந்தது. சில கிழமைகளில் இரத்த அளவு பத்தைத் தாண்டியது. ஒரு காலை, முழுத் தலையையும் ஒரே மூச்சில் சீவி முடித்துவிட்டுச் சீப்போடு நின்று அழுதேன். இம்முறை முழுசாக அழ முடிந்தது. அவர் பதறி ஓடி வந்து, என்னப்பா, கட்டு இறுக்கமோ என்றார்.

இப்போது அவர் காலி வீதியில் என்னைவிட வேகமாக நடக்கிறார், நில்லுங்கோ என்று பின்னால் கத்துவது நான். ஒழுங்கை முகப்பில் மின்கம்பம் இருக்கிறது. அதன்கீழ் யாரும் கைகளை விரித்துக்கொண்டு நிற்பதில்லை. என் இடக்கையின் பின்புறத்தில் பிளேன்டீ சிந்திக் காய்ந்தது போல ஒரு கறை. இத்தனை வருடத்தில் மங்கியிருக்கிறது, போகவில்லை. சோற்றோடு தேத்தண்ணி குடிக்க ஆசை வரும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். அவளும் எங்காவது இப்படிக் கோப்பையைத் தள்ளி வைக்கிறாளா என்று நினைத்துக்கொள்வேன்.

சோதனைக்கு நின்ற அந்தப் பெண், உயிர்ப்பயத்தில் கத்தியிருக்கலாம், அதற்கு எல்லா நியாயமும் அவளுக்கு இருந்தது. கத்தாமல் அக்கா என்று அழைத்த அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள்தான் நானும் என் கணவரும் இன்றுவரை குடியிருக்கிறோம்.